லிங்கனுக்கு வாய்த்தது மனைவியா, மாமனார் வீட்டு அரசியலா? – டாட் குடும்பம் பற்றி ஒரு விவாத இழை

1. வைகைக்கரையான்

ரெண்டு வாரமா ஒரு பெரிய தாளில் ஆபிரகாம் லிங்கனுடைய மனைவி வழி உறவுகளை வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். தாள் பத்தலை, பின்பக்கமும் போயிடுச்சு.

மேரி டாட் 1818இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் பிறந்தவர். தாத்தா லீவை டாட் அந்த ஊரையே நிறுவியவர்களில் ஒருவர். தாத்தாவின் அண்ணன் ஜான் டாட், 1778இல் வர்ஜீனியா அரசு 'இல்லினாய் கவுண்டி' என்று ஒன்றை உருவாக்கியபோது அதை நிர்வகிக்கப் போனவர். 1782இல் புளூ லிக்ஸ் சண்டையில் செத்துப்போனார். அப்பா ராபர்ட் ஸ்மித் டாட் வங்கி, வியாபாரம், சட்டமன்றம் என்று மூணிலும் கால் வைத்தவர். அன்றைய பெரிய அரசியல் தலைவர் ஹென்றி கிளேக்கு நெருங்கிய நண்பர். மூத்த அக்கா எலிசபெத்தைக் கட்டியவர் நினியன் வர்ட் எட்வர்ட்ஸ், இல்லினாய் ஆளுநராக இருந்தவரின் மகன். அந்த ஆளுநரின் மருமகன் டேனியல் போப் குக் பெயரில்தான் சிகாகோ இருக்கும் குக் கவுண்டி இன்றைக்கும் இருக்கிறது.

இந்தப் பக்கம் லிங்கனைப் பாருங்க. மரக்குடிசையில் பிறந்தவர், ஆற்றில் தட்டைப்படகு தள்ளியவர். பள்ளிக்கூடம் போனதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. 1842இல் மேரியைக் கட்டுகிறார், 1846இல் காங்கிரஸுக்குத் தேர்வாகிறார். என் கணக்குப்படி, மாமனார் வீட்டு ஏணி இல்லாமல் இந்த ஏற்றம் இல்லை. மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

2. கொங்குத்தம்பி

மரக்குடிசையில இருந்து வெள்ளை மாளிகைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமுங்க. நடுவுல ஒரு மாமியார் வீடு இருந்ததை வாத்தியார் சொல்லவே இல்லீங்களே!

3. நூலகப்புழு

வைகை, உங்கள் வரைபடம் சரியாக இருக்கலாம். காலவரிசை இடிக்கிறது.

லிங்கனை வக்கீல் ஆக்கியவர் ஜான் டாட் ஸ்டூவர்ட். 1832இல் பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிரான போர் நடந்தபோது இருவரும் தொண்டர் படையில் சந்தித்தார்கள். சட்டம் படி என்று தூண்டி, தன் புத்தகங்களை இரவல் கொடுத்தவர் அவர். 1837இல் லிங்கன் இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிவந்ததும் தன் அலுவலகத்திலேயே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். மேரி அக்கா வீட்டில் தங்க வந்தது 1839இல். கல்யாணம் 1842இல். ஆக ஏணி முதலில் வந்தது, மாமனார் வீடு பிறகுதான் வந்தது.

எட்வர்ட்ஸும் அப்படியே. 1836 தேர்தலில் சாங்கமன் கவுண்டியிலிருந்து சட்டமன்றம் போன ஒன்பது பேரை 'நெட்டை ஒன்பது' என்பார்கள். எல்லாரும் ஆறடி ஆட்கள். தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற வைத்தது அந்தக் கூட்டம்தான். அதில் லிங்கனும் உண்டு, நினியன் எட்வர்ட்ஸும் உண்டு. பின்னாளில் சகலைகளாகப் போகிறவர்கள் ஒரே அணியில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மேரி இன்னும் லெக்சிங்டனில் இருந்தார்.

இன்னொன்று. 1843இல் காங்கிரஸ் வேட்பாளர் வாய்ப்பு கைநழுவியபோது லிங்கன் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். மாதம் 10 டாலருக்குப் படகில் வேலை பார்த்த, நண்பனோ படிப்போ காசோ இல்லாத பையனாக என்னைப் பார்த்த பழைய ஆட்கள், இப்போது என்னைப் பணக்கார, பெரிய வீட்டு வேட்பாளர் என்று ஒதுக்கியதைக் கேட்டால் வியந்துபோவார்கள், சிரிக்கவும் செய்வார்கள் என்பது அதன் சாரம். கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை அப்போது. மாமனார் வீடு முதலில் கொடுத்தது பதவி இல்லை, கெட்ட பெயர்.

4. வைகைக்கரையான்

1837 விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஸ்டூவர்ட் யார்? நடுப்பெயரைப் பாருங்க, டாட். அவருடைய அம்மா ஹன்னா டாட், மேரியின் அப்பாவுக்கு உடன்பிறந்தவர். அதாவது மேரிக்கு ஸ்டூவர்ட் சொந்த அத்தை மகன்! ஆங்கிலப் புத்தகங்கள் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போறதால நமக்கு இது உறைக்கிறதே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னாடியே லிங்கன் அந்தக் குடும்ப வட்டத்துக்குள்ள வந்தாச்சுன்னுதான் நான் இதைப் படிக்கிறேன். மேரியைக் கட்டினது அந்த உறவுக்குப் போட்ட முடிச்சு.

5. பழைய வக்கீல்

அன்பர்களே, தொழில் பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. லிங்கனுக்கு மூன்று கூட்டாளிகள். முதலில் ஸ்டூவர்ட், 1841 வரை. பிறகு 1844 வரை ஸ்டீபன் லோகன். அதன்பின் ஹெர்ண்டன். முதல் இருவருமே டாட் வகையறா. லோகன் சற்றுத் தூரத்து உறவு. ஸ்டூவர்ட்டுக்கு வழக்கைவிட அரசியல்தான் பெரிது. 1838இல் ஸ்டீபன் டக்ளஸை வெறும் 36 வாக்கில் தோற்கடித்துக் காங்கிரஸுக்குப் போய்விட்டார், அலுவலகம் லிங்கன் தலையில். கணக்குப் புத்தகம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக மனு எழுதவும், எதிர்த்தரப்பு வாதத்தை முன்கூட்டியே யோசிக்கவும் பழக்கியவர் லோகன். ஒரு ஜூனியருக்கு அதைவிடப் பெரிய சீதனம் கிடையாது.

சொத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமனார் 1849இல் காலரா கண்டபோது இறந்தார். உயில் எழுதி வைத்திருந்தார், சாட்சிக் கையெழுத்து ஒன்றே ஒன்று. இரண்டு வேண்டும். மூத்த தாரத்துக் கடைசிப் பையன் ஜார்ஜ், உயில் செல்லாது என்று நீதிமன்றம் போனார், வென்றார். சொத்து முழுவதும் விற்றுப் பங்கு பிரிக்கப்பட்டது. அந்தச் சொத்தில் அடிமைகளும் அடக்கம் என்பதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

அதே சமயத்தில் லெக்சிங்டனில் டாட் வாரிசுகளுக்கும் ராபர்ட் விக்லிஃபுக்கும் ஒரு பழைய வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்க லிங்கனே போய்வந்தார். புளூ லிக்ஸில் செத்த ஜான் டாட்டின் ஒரே மகள் தன் பெரும் சொத்தை இரண்டாம் கணவர் விக்லிஃபுக்கு எழுதிக் கொடுத்தார். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார் என்பது டாட் தரப்பு வாதம். மில்லி என்ற அடிமைப் பெண்ணையும் அவள் மகன் ஆல்ஃபிரட்டையும் விடுவிக்கத்தான் அந்த அம்மாள் எழுதிக் கொடுத்தார், அந்தப் பையன் முதல் கணவர் வழியில் அவருக்குச் சொந்தப் பேரன், இதுவும் டாட் தரப்பு சொன்னது. டாட் தரப்பு தோற்றது. அந்த ஆல்ஃபிரட் ரசல் 1833இல் லைபீரியாவுக்குக் கப்பல் ஏறினார். ஐம்பது வருடம் கழித்து 1883இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

உங்கள் தாளில் இன்னொரு குடியரசுத் தலைவருக்கும் இடம் ஒதுக்குங்கள், வைகை.

6. கொங்குத்தம்பி

என்னங்க இது! அடிமையாப் பொறந்த பையன் ஒரு நாட்டுக்கே தலைவர்னா, அவரைப் பத்தித்தான் தனி இழை போடணும்.

7. வைகைக்கரையான்

இது எனக்குத் தெரியவே தெரியாது ஐயா. தாளை ஒட்டுப் போட வேண்டியதுதான்.

8. செம்பருத்தி

எல்லாரும் மாமனார், கூட்டாளின்னு ஆண்கள் பக்கமே போறீங்க. மேரியை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது யார்? அக்கா எலிசபெத்.

அம்மா 1825இல் பிரசவத்தில் இறந்தப்போ மேரிக்கு ஆறு வயசு. அடுத்த வருஷமே அப்பா இரண்டாம் கல்யாணம். மூத்த தாரத்துக்கு ஏழு குழந்தைகள், இளைய தாரத்துக்கு ஒன்பது. அந்த வீட்டில் மூத்த தாரத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக வெளியேறின கதைதான் ஸ்பிரிங்ஃபீல்டு. எலிசபெத் முதலில் எட்வர்ட்ஸைக் கட்டிக்கொண்டு போனார். பிறகு ஃபிரான்சிஸை வரவழைத்தார், அவருக்கு டாக்டர் வில்லியம் வாலஸ் அமைந்தார். அடுத்து மேரி. கடைசியாக ஆன், அவருக்கு கிளார்க் ஸ்மித் என்ற கடைக்காரர். நாலு அக்கா தங்கையும் ஒரே ஊரில். எட்வர்ட்ஸ் வீட்டு வரவேற்பறையில் ஞாயிற்றுக்கிழமை யார் வந்தார்களோ அவர்கள்தான் அன்றைய இல்லினாய் விக் கட்சி (ஜனநாயகக் கட்சிக்கு எதிராக அப்போ இருந்த கட்சி).

அந்த அறையில் லிங்கனை வரவேற்றார்கள், மாப்பிள்ளையாக விரும்பவில்லை. வளர்ப்பும் குணமும் ஒத்துவராதுன்னு எலிசபெத்தும் கணவரும் தடுத்ததை எலிசபெத்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1841 ஜனவரியில் நிச்சயம் முறிந்தது. 1842இல் மறுபடி ரகசியமாகச் சந்தித்தார்கள். நவம்பர் 4 காலையில் போய், இன்னைக்கு ராத்திரி கல்யாணம்னு சொன்னார்கள். அவசரத்தில் கேக் ஒழுங்காக ஆறக்கூட இல்லையாம். மோதிரத்தில் பொறித்திருந்தது: 'காதல் நித்தியமானது'.

ஏணி ஏறத்தான் லிங்கன் கல்யாணம் செய்தார்னா, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களே வேண்டாம்னு சொன்னது எப்படி?

9. நூலகப்புழு

செம்பருத்தி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. நிச்சயம் முறிந்த கதையில் பாதிக்கு மேல், பின்னாளில் லிங்கன் வரலாறு எழுதிய கூட்டாளி ஹெர்ண்டன் வழியாக வந்தது. அவருக்கும் மேரிக்கும் ஆகாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வராமல் போனார் என்ற கதையை எல்லாம் தூரப் போடுங்கள். ஜனவரியில் லிங்கன் மனமுடைந்து கிடந்தது மட்டும் அவர் கடிதங்களிலேயே தெரிகிறது.

அந்த ரகசியச் சந்திப்புக் காலத்தில்தான் வாள்சண்டை வம்பும் வந்தது. மாநிலத் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கேலி செய்து 'ரெபேக்கா' என்ற புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதங்கள் போயின. ஒன்று லிங்கன் எழுதியது. மேரியும் அவருடைய தோழி ஜூலியா ஜெய்னும் தங்கள் பங்குக்கு எழுதினார்கள். ஷீல்ட்ஸ் சண்டைக்குக் கூப்பிட்டார். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லிங்கனுக்கு, நீளக் கை என்பதால் குதிரைப்படைப் பட்டாக்கத்தியைக் கேட்டார். மிசிசிப்பி ஆற்றுத் தீவு வரை போய்ச் சமாதானமானார்கள். சமாதானம் பேசியவர்களில் ஒருவர் ஜான் ஹார்டின். அவரும் மேரிக்குத் தூரத்து உறவு, அடுத்த வருடம் லிங்கன் கேட்ட காங்கிரஸ் தொகுதியைத் தட்டிப் பறித்தவரும் அவரே!

10. கொங்குத்தம்பி

சந்தேகமுங்க. வடக்கு-தெற்கு உள்நாட்டுப் போருல செத்த தளபதி பென் ஹெல்ம்னு ஒருத்தர் லிங்கனுக்கு 'மச்சான்'னு ஒரு கட்டுரையில படிச்சேன். மேரியோட தம்பியா அவரு?

11. வைகைக்கரையான்

இல்லை தம்பி. ஆங்கிலத்தில் 'பிரதர் இன் லா' என்றதை அப்படியே மச்சான்னு போட்டிருப்பாங்க. ஹெல்ம், மேரியின் தங்கை எமிலியின் கணவர். லிங்கனுக்குச் சகலை. மேரியின் உடன்பிறந்த ஆண்கள்தான் மைத்துனர்கள்: லீவை, ஜார்ஜ் மூத்த தாரம். சாமுவேல், டேவிட், அலெக்சாண்டர் இளைய தாரம்.

தாளை முடிக்கும்போது எனக்கே ஒண்ணு தெரிஞ்சது. ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போன சகோதரிகள் எல்லாரும் மூத்த தாரம், வடக்கு. இளைய தாரத்துப் பெண்களில் மார்த்தாவும் எலோடியும் அலபாமா மாநிலம் செல்மாவில் போய்ச் சேர்ந்தாங்க. 1861 பிப்ரவரியில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கு ஜெஃபர்சன் டேவிஸ் ஜனாதிபதியாகப் பதவியேற்றப்போ அதைப் பார்க்கப் போனவங்க. மறு மாசம் இவங்க அக்கா வீட்டுக்காரர் வாஷிங்டனில் பதவியேற்கிறார்! ஆனா கோடு சரியாவும் விழலை. ஜார்ஜ் மூத்த தாரத்துப் பையன், தெற்குப் படையில் மருத்துவர்.

12. நூலகப்புழு

போர்க்காலத்தை நான் எழுதுகிறேன், இதில்தான் என் வாதத்துக்கும் பலம்.

ஹெல்ம் வெஸ்ட் பாயிண்டில் படித்தவர், கென்டக்கி ஆளுநராக இருந்தவரின் மகன். 1861 ஏப்ரலில் லிங்கன் அவரை அழைத்து, மேஜர் தகுதியில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி வேலை கொடுத்தார். துப்பாக்கி தூக்க வேண்டிய அவசியமே இல்லாத பதவி. ஹெல்ம் யோசித்துச் சொல்கிறேன் என்று ஊர் போனார், தெற்குப் படையில் சேர்ந்தார்.

பிறகு வரிசையாகச் சாவு. 1862 ஏப்ரலில் ஷைலோவில் சாமுவேல். ஆகஸ்டில் பேட்டன் ரூஜ் அருகே அலெக்சாண்டர், இருட்டில் சொந்தப் படையின் குண்டுக்கே. ஹெல்முக்கு உதவியாளராக இருந்தவர் அவர், அந்தக் குழப்பத்தில் ஹெல்மும் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டார். 1863 செப்டம்பரில் சிக்கமாகாவில் ஹெல்ம். செய்தி கேட்டபோது, அப்சலோம் இறந்ததைக் கேட்ட தாவீதைப் போல இருக்கிறது என்று லிங்கன் சொன்னதாக அவர் நண்பர் டேவிட் டேவிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்சலோம் தந்தைக்கு எதிராகப் படை திரட்டிய மகன் என்பதைக் கவனியுங்கள்.

வடக்குப் பத்திரிகைகளுக்கு மேரி 'கலகக்காரரின் சகோதரி'. தெற்கில் அவர் குலத்துரோகி. மைத்துனர் டேவிட் டாட் ரிச்மண்டில் போர்க்கைதிகளைக் கொடுமைப்படுத்தினார் என்று வடக்கில் பேச்சு. மார்த்தா 1864இல் லிங்கன் தந்த அனுமதிச்சீட்டோடு தெற்கே திரும்பியபோது பெட்டி நிறைய மருந்தும் தங்கப் பொத்தானும் கடத்தினார் என்று கதை கட்டினார்கள். அந்தச் சீட்டு பலருக்கும் கொடுக்கும் சாதாரணச் சீட்டு. எந்த ஏணியைப் பற்றிப் பேசுகிறோம்? 1860 தேர்தலில் டாட்கள் கோலோச்சிய கென்டக்கியில், தான் பிறந்த மாநிலத்தில், லிங்கன் வாங்கிய ஓட்டு 1,364. இதுதான் மாமனார் ஊர் மரியாதை.

13. செம்பருத்தி

எமிலி கதையைப் பாதியில் விட்டுட்டீங்க, நான் முடிக்கிறேன்.

எமிலிக்கும் மேரிக்கும் பதினெட்டு வருஷ வித்தியாசம். 1847இல் லிங்கன் குடும்பத்தோடு லெக்சிங்டன் போனப்போ எமிலி சின்னப் பெண். 'தங்கச்சி' என்றே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். கணவர் செத்தபிறகு 1863 டிசம்பரில் குழந்தைகளோடு வடக்கே வர முயன்றார். மன்றோ கோட்டையில் விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். புருஷனைக் கொன்ற அரசுக்கு எப்படி? அதிகாரிகள் தந்தி கொடுத்தார்கள், லிங்கனிடமிருந்து வந்த பதில்: அவளை என்னிடம் அனுப்புங்கள்.

ஒரு வாரம் போல வெள்ளை மாளிகையில். இரண்டு சகோதரிகளும் சேர்ந்து அழுதார்கள், போரைப் பற்றிப் பேசாமல் பேசினார்கள். எமிலியின் மகள் கேத்தரின் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் ஒரு காட்சி இருக்கு. டாட் லிங்கனின் படத்தைக் காட்டி, இவர்தான் ஜனாதிபதி என்கிறான். (டாட் என்பது கடைசிப் பையனின் செல்லப் பெயர், குடும்பப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணாகிடுது!) கேத்தரின், இல்லை, ஜெஃபர்சன் டேவிஸ்தான் ஜனாதிபதி என்று சண்டைக்கு வருகிறாள். லிங்கன் இருவரையும் ஆளுக்கொரு மடியில் வைத்து, உனக்கு உன் ஜனாதிபதி யார்னு தெரியும், இவளுக்கு நான் லிங்கன் பெரியப்பா, அவ்வளவுதான் என்று முடித்தாராம்.

வெளியே இது சிரிப்பான விஷயமாக இல்லை. கெட்டிஸ்பர்கில் காலை இழந்த தளபதி சிக்கிள்ஸ், அந்தக் கலகக்காரியை இந்த வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று மேசையைத் தட்டினார். எங்கள் வீட்டு விருந்தாளியை நானும் என் மனைவியும் தேர்ந்தெடுத்துக்கொள்வது வழக்கம் என்றார் லிங்கன். ஆனால் அதே நாட்களில் நண்பர் பிரவுனிங்கிடம், அவள் இங்கே இருப்பது வெளியே தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அது பிரவுனிங்கின் நாட்குறிப்பில் இருக்கிறது.

அடுத்த வருஷம் பருத்தி விற்க அனுமதி கேட்டார் எமிலி. பிரமாணம் எடுத்தால்தான் என்றார் லிங்கன். அண்ணன் லீவையும் வறுமையில் செத்திருந்தார். 1864 அக்டோபரில் எமிலி லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் துப்பாக்கிக் குண்டுகள்தான் எங்களை இந்த நிலைக்கு ஆளாக்கின என்ற வரி இருக்கிறது. அதற்குப் பிறகு மேரியும் எமிலியும் பேசிக்கொள்ளவே இல்லை. இருபது வருஷம் கழித்து லிங்கனின் மூத்த மகன் ராபர்ட் லிங்கன் அந்தச் சித்திக்கு ஒரு அஞ்சலகத் தலைவி வேலை கிடைக்க உதவினார். 1930 வரை வாழ்ந்தார் எமிலி.

14. மட்டுறுத்துநர்

இங்கே இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மேரி லிங்கனின் மனநிலை பற்றிக் கேலி வேண்டாம். நாலு பிள்ளைகளில் மூவரைப் பறிகொடுத்தவர்.

15. பிரெய்ரி_தமிழன்

இல்லினாயில் பல வருடமாகக் குடியிருப்பவன். எட்டாம் தெரு, ஜாக்சன் தெரு முனையில் லிங்கன் வீட்டை எத்தனையோ தடவை பார்த்தாச்சு. கல்யாணம் செய்துவைத்த பாதிரியார் சார்லஸ் டிரெஸ்ஸரிடமே 1844இல் வாங்கிய வீடு.

யாரும் தொடாத ஒரு விஷயம், பதவி கொடுத்தது. ஏணி ஏறினாரா என்று கேட்கிறீர்கள். ஏறின பிறகு யாரை ஏற்றிவிட்டார் என்றும் கேட்க வேண்டாமா?

சகலை டாக்டர் வாலஸுக்குப் பட்டுவாடா அதிகாரி வேலை. சகலை எட்வர்ட்ஸ் 1850களில் கட்சி மாறி ஜனநாயகக் கட்சிக்குப் போயிருந்தார், அவருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படைக்குச் சரக்கு வாங்கும் வேலை. உள்ளூர் குடியரசுக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். லாபம் எல்லாம் எதிர்க்கட்சிக்காரனுக்கா என்று கடிதத்துக்கு மேல் கடிதம். 1863இல் அவரை சிகாகோவுக்கு மாற்றி வாயை அடைத்தார்.

மேரியின் பெரியப்பா மகள் எலிசபெத் கிரிம்ஸ்லி 1861இல் ஆறு மாதம் வெள்ளை மாளிகையில் தங்கியவர். ஸ்பிரிங்ஃபீல்டு அஞ்சலகத்தைக் கேட்டார். சிபாரிசு செய்தது வேறு யார், நம்ம ஸ்டூவர்ட்தான்! லிங்கன் அவருக்கு எழுதிய பதில் பிரமாதம். வில்லியம் ஜெய்னுக்கு ஏற்கெனவே ஒரு பிரதேச ஆளுநர் பதவி கொடுத்தாச்சு, டிரம்புல்லின் சகோதரருக்கு நில அலுவலகம், இதையும் கொடுத்தால் நானும் டிரம்புல்லும் பதவிகளை எல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டோம் என்கிற பேச்சு உண்மையாகிவிடாதா என்று கேட்கிறார். அஞ்சலகம் கிடைக்கவில்லை.

இந்த வில்லியம் ஜெய்ன் யார்? மேலே நூலகப்புழு சொன்ன தோழி ஜூலியாவின் சகோதரர். ஜூலியா, மேரிக்குக் கல்யாணத்தில் தோழிப்பெண். பிறகு லைமன் டிரம்புல்லைக் கட்டினார். 1855இல் செனட் தேர்தலில் முதல் சுற்றில் 44 ஓட்டு வாங்கி முன்னால் நின்ற லிங்கன், கடைசியில் தன் ஓட்டுகளை டிரம்புல்லுக்கு விட்டுக்கொடுத்தார். லிங்கன் மறந்துவிட்டார். மேரி மறக்கவில்லை, ஜூலியாவோடு உறவு அறுந்தது.

அந்த ஜெய்ன் டகோட்டா பிரதேச ஆளுநராகப் போனார். 1862இல் அங்கிருந்து காங்கிரஸ் பிரதிநிதி பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் ஜான் பிளேர் ஸ்மித் டாட், மேரியின் உறவினர்! ஜெய்ன் போய் உட்கார்ந்தார், டாட் வழக்காடி 1864இல் அந்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார். மனிதர் நடமாட்டமே குறைந்த டகோட்டாவுக்குப் போனாலும் ஸ்பிரிங்ஃபீல்டு வரவேற்பறைச் சண்டைதான்.

16. பழைய வக்கீல்

நல்ல பதிவு. ஸ்டூவர்ட்டின் முடிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1862இல் லிங்கனின் சொந்த ஊர்த் தொகுதியில் குடியரசுக் கட்சி நிறுத்தியது அவருடைய நெருங்கிய நண்பர் லெனார்ட் ஸ்வெட்டை. தோற்கடித்தவர் ஸ்டூவர்ட். அடிமை விடுதலைப் பிரகடனத்தை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சிக்காரராக வாஷிங்டன் போனார். புத்தகம் இரவல் கொடுத்த குரு, அந்தப் படிப்பு கொண்டுபோய்விட்ட இடத்தை ஏற்கவில்லை.

17. கொங்குத்தம்பி

தலை சுத்துதுங்க. லாபமா நட்டமா, ஒரே வரியில சொல்லுங்க.

18. வைகைக்கரையான்

ஒரே வரியில வராது தம்பி. நான் ஆரம்பத்தில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். தொழிலுக்கு டாட் வட்டம் உதவியது, அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடியே. ஓட்டுக்கு உதவலை. போர் வந்தப்போ கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

ஆனா மீதிப் பாதியை விடமாட்டேன். பிள்ளைகளின் பெயரைப் பாருங்க. மூத்தவன் ராபர்ட் டாட், மாமனார் பெயர். இரண்டாவது எட்வர்ட் பேக்கர், கட்சி நண்பர் பெயர். மூணாவது வில்லியம் வாலஸ், சகலை பெயர். நாலாவதுதான் தாமஸ், சொந்த அப்பா பெயர், அதுவும் அப்பா செத்தபிறகு. ஆங்கிலத்தில் எழுதினா கடவுளுக்கு (God) ஒரு 'டி' போதும், டாட்களுக்கு (Todd) ரெண்டு வேணும்னு அந்தக் குடும்பப் பெருமையைக் கிண்டல் பண்ணினதாச் சொல்லப்படுகிற அதே மனுஷர்தான் இந்தப் பெயர்களையும் வச்சிருக்கார்.

19. நூலகப்புழு

பெயர் வாதம் வலுவானது. இதற்குப் பதில் இல்லை என்னிடம்.

20. செம்பருத்தி

ஒண்ணு சேர்த்துக்கோங்க. 1875 மே மாதம் ராபர்ட் தன் தாயை நீதிமன்றத்தில் நிறுத்தி, மனநலம் சரியில்லை என்று தீர்ப்பு வாங்கி, இல்லினாயின் படேவியாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். செய்யலாம் என்று அவருக்குச் சொன்னவர்களில் ஸ்டூவர்ட்டும் ஒருவர், அத்தை மகன்தான். நாலு மாசத்தில் அங்கிருந்து மேரியைக் கூட்டிக்கொண்டு போனது, லிங்கன் வேண்டாம்னு முதலில் சொன்ன அதே எலிசபெத் அக்கா. பிறகு பிரான்ஸ் போய்த் திரும்பி வந்து மறுபடி அக்கா வீடு. 1882 ஜூலை 16 அன்று அங்கேயே இறந்தார். நாற்பது வருஷம் முன்னாடி மோதிரம் மாற்றிக்கொண்ட வீடு.

21. பிரெய்ரி_தமிழன்

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மாநில அரசின் பெரிய அலுவலகக் கட்டடம் நிற்கிறது.

22. வைகைக்கரையான்

தாளைத் திருத்தியாச்சு. ஹெல்ம் சகலை, ஸ்டூவர்ட் அத்தை மகன், கிரிம்ஸ்லி பெரியப்பா மகள். ஆல்ஃபிரட் ரசலுக்குப் புள்ளிக்கோடு போட்டிருக்கேன், வழக்கில் சொன்ன உறவு என்பதால். ராபர்ட் லிங்கனின் மாமனார் ஜேம்ஸ் ஹார்லன், அவர் அயோவா செனட்டர், அதை வச்சு அடுத்த தாள் தொடங்குது. ஜூலியா ஜெய்னை எங்கே போடறதுன்னுதான் தெரியலை.

23. செம்பருத்தி

மேரிக்குப் பக்கத்தில் போடுங்க. கோடு வேண்டாம்.

24. பழைய வக்கீல்

கோடு போட்டு, 1855 என்று எழுதி, அடித்துவிடுங்கள்.